ஆள் இல்லாத இடம்

கட்டி வைத்த குப்பை மூட்டையை அவர் அப்படியே எடுக்க மாட்டார். வாயைச் சுற்றியிருக்கும் சணலை அவிழ்ப்பார். உள்ளே கையை விட்டுத் துழாவுவார். பிறகுதான் வண்டியில் ஏற்றுவார். எங்கள் சாயாக்கடையின் பின்சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் அப்படித் துழாவுவதைப் பார்த்தால் எனக்கு வேலை ஓடாது. உடைந்த கிளாஸ் ஏதாவது கிடந்து கையைக் கிழித்துவிட்டால்? பாலை அடுப்பில் விட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே நிற்பேன்.

"கையில உறை ஏதாவது போட்டுக்கிடப்பிடாதா அண்ணே?"

"உறை போட்டா கையிக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி. நீ போயி பாலப் பாரு. ஒனக்கு எதுக்கெடுத்தாலும் வெப்ராளம்."

வெப்ராளம் என்றால் எங்கள் பக்கத்தில் பதற்றம். அது எனக்கு உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அடுப்படிக்கு வந்தவள் நான். அன்றிலிருந்து எதையாவது நினைத்துப் பயந்துகொண்டேதான் இருக்கிறேன். ஆனால் அவரை நினைத்து வருகிற பயம் வேறு மாதிரி. அது அவர் போன பிறகும் போகவில்லை.

அவர் பெயரை எழுதவில்லை. மைனி இருக்கிறார், அவருக்குப் பிடிக்காது. மைனி என்பது அவருடைய மனைவி. அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் அந்த அம்மாள் எனக்கு மைனி ஆனார். மற்றபடி சொந்தம் ஒன்றும் கிடையாது.

மார்த்தாண்டம் சந்தையை ஒட்டித்தான் எங்கள் கடை. வீட்டுக் குப்பைக்கு நகராட்சி வண்டி வரும். பச்சைத் தொட்டியில் மக்குவது, நீலத் தொட்டியில் மக்காதது. கடைக்காரர்கள் நிறையக் குப்பை சேர்க்கிறவர்கள், அவரவர் குப்பைக்கு அவரவரே வழி பார்க்க வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வழி என்றால் எது வழி? அப்போதுதான் இவர் தன் பெட்டி ஆட்டோவோடு வந்து நின்றார். கொடுத்ததை எல்லாம் எடுத்தார். முடியாது என்று யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வராது அவருக்கு.

எடுத்ததை அங்கேயே பிரிப்பார். வாழை இலையும் காய்கறித் தோலும் ஒரு டிரம்மில் போகும். அது ஒரு தென்னந்தோப்பு உரக்குழிக்கு. எச்சில் சோறு பன்றிப் பண்ணைக்கு. பாட்டில், அட்டைப்பெட்டி, தகரம் எல்லாம் ஆக்கர் கடைக்கு. பழைய சாமான் எடுக்கிற கடையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இவ்வளவும் போன பிறகு மூட்டையின் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடக்கும். எரிந்துபோன டியூப்லைட், தெர்மாகோல், மிக்சர் பாக்கெட்டின் வெள்ளி உறை, உடைந்த பீங்கான். "ஆக்கருக்காரனும் வேண்டாங்குற சாதனம்" என்பார். அதைத் தனியாக ஒரு சாக்கில் கட்டும்போது அவர் முகம் வாடிப்போகும்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"ஓய் அண்ணே, மக்குற குப்பை, மக்காத குப்பைன்னு ரெண்டு தொட்டி வச்சிருக்கானுவ. உமக்கு மட்டும் மூணாவது ஒண்ணு வேணும் போல இருக்கே. சும்மா கொண்டு போயி எங்கயாவது தூரக் களஞ்சிட்டு வாரும்."

"எங்கயாவதுன்னு ஒரு ஊரு இல்ல மக்கா."

"அப்பொ ஊரு இல்லாத எடத்துல களையும்."

"எங்க போனாலும் ஆளு உண்டும். நீ பாக்கல்ல, அவ்வளவுதான்."

சானலில், அதாவது பாசனக் கால்வாயில், போட்டால் அந்தத் தண்ணீரில் குளிக்க ஒருவர் இறங்குவார். குளத்தில் போட்டால் அதில் பாத்திரம் கழுவ ஒருத்தி வருவாள். ரோட்டோரம் போட்டால் மாடு தின்னும், அந்த மாட்டுக்கும் ஆள் உண்டு என்பார். எரித்துவிடலாமே என்று ஒரு நாள் நானே கேட்டேன். "பொகை எங்க போவும் தங்கச்சி? அதுவும் ஒரு வீட்டு ஜன்னலத்தான் தேடிப் போவும்" என்றார். அன்று முழுக்க, பின்வாசலில் கழுவின தண்ணீரை வீசும்போதெல்லாம் அந்தப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து வீசினேன். இன்றைக்கும் பார்க்கிறேன்.

ஒருமுறை சிதறால் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பலகாரம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றேன். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. பஸ் வரவில்லை, இவர் வந்தார். ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வழியில் பாறை உடைத்து எடுத்த பெரிய பள்ளம் ஒன்று உண்டு. மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சைப் பசேல் என்று கிடக்கும். கரை முழுக்க யார் யாரோ கொண்டுவந்து தட்டிய மூட்டைகள். கோழி இறகு காற்றில் பறந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சயும் ஆளு உண்டும்" என்றார்.

பார்த்தேன். ஒரு குருவிகூட இல்லை.

"யாருண்ணே? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"எனக்கும் தெரியல்ல. தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா?"

அப்புறம் வண்டியை எடுத்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். கல்ஃபிலிருந்து திரும்பிவந்த புதிதில் தோவாளைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வேன் ஓட்டினாராம். முகூர்த்தம் முடிந்தால் மண்டபத்துக் குப்பை முழுவதும் அவர் பொறுப்பு. காய்ந்து கிடக்கிற சானலில் கொண்டுபோய்த் தட்டுவார். இவர் மட்டும் இல்லை, எங்கள் மாவட்டத்தில் சானலோரத்து ஆட்கள் பலர் செய்கிற காரியம்தான் இது. கன்னிப்பூ நெல் நடவுக்கு அணை திறப்பார்கள், தண்ணீர் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும், துடைத்துவிட்ட மாதிரி ஆகும் என்று ஒரு நம்பிக்கை. எங்கே போகிறது என்று யாரும் கூடவே நடந்து போய்ப் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் தண்ணீர் வந்தது. குப்பை போய் ஒரு பாலத்துக்கு அடியில் அடைத்துக்கொண்டது. வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ஒரு விவசாயி இறங்கி அடைப்பை இழுத்திருக்கிறார். காலில் டியூப்லைட் கண்ணாடி ஏறியது. அவருக்குச் சர்க்கரை. புண் ஆறவில்லை. முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"நீரு தட்டுன லோடுதான்னு உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

"மண்டபத்து பேரு அடிச்ச பேப்பர் கிளாசு கூடவே கெடந்துதாம். போயிப் பாத்தேன் தங்கச்சி. நடையில இருந்து பூக் கெட்டிட்டு இருந்தாரு."

"என்ன சொன்னீரு?"

"ஒண்ணும் சொல்லல்ல. வாய் வரல்ல. அவரு, பூ வேணுமாண்ணு கேட்டாரு. வாங்கிட்டு வந்தேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு, கேட்காமலே சொன்னார். "வண்டியிலயே கெடந்து வாடிச்சு. அதைக் களையவும் ஒரு எடம் கிட்டல்ல."

அதற்குப் பிறகு அவரோடு வண்டியில் ஏற எனக்கு மனம் வரவில்லை. கெட்டவர் என்று இல்லை. அந்த முன்சீட்டில் எங்களுக்கு நடுவில் இன்னொருவர் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

மைனி அண்டி ஆபீசில் வேலை பார்த்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு இங்கே அதுதான் பெயர். கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் இருக்கும். சனிக்கிழமை வேலை விட்டு வரும்போது கடையில் ரசவடையும் சாயாவும். வாய் நிறைய வீடு. எந்தப் பேச்சை எடுத்தாலும் வீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

"ஏட்டி, எனக்க அடுக்களைல நின்னா ரோட்டுல யாரு போறா வாறான்னு தெரியணும். இந்த மாடிப் பொந்துல கெடந்து மடுத்துப் போச்சு."

இருவரும் வாடகைக்கு இருந்தது ஒரு கடையின் மாடியில் ஒற்றை அறை. ஆனால் சிதறால் போகிற வழியில் பத்து சென்ட் மனை உண்டு. கல்ஃப் உழைப்பில் வாங்கியது. போதகர் வந்து ஜெபம் பண்ணிக் கல் போட்டார். அஸ்திவாரமும் கட்டியாகிவிட்டது. முன்னறை, படுக்கையறை, அடுக்களை எல்லாம் தரையில் கோடு போட்ட மாதிரி முழங்கால் உயரத்துக்குக் கருங்கல்லில் நின்றது. அதோடு நின்றுவிட்டது. மழை முடியட்டும் என்றார் அண்ணன். கிறிஸ்மஸ் கழியட்டும் என்றார். ஈஸ்டர் போகட்டும் என்றார். மனையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மைனி கிளம்பினால், "பாம்பு கெடக்கு, போவண்டாம்" என்பார்.

மைனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வித்துட்டாரோன்னு தோணுது மக்ளே. மொகத்தப் பாத்துப் பேச மாட்டேங்குறாரு. ஒரே ஒரு நாளு எங்கூட வாறியா? தனியாப் போயி, அங்க வேற எவனும் வீடு வச்சு இருந்தாம்னா எனக்கு நெஞ்சு நின்னுரும்."

எனக்கு அன்றைக்கே நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது. அண்டி ஆபீசுக்கு லீவு விட்ட ஒரு நாள், கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு மைனியோடு போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்பாதை. மைனி வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார்.

மனை விற்கப்படவில்லை. அஸ்திவாரம் அப்படியே இருந்தது. அதன் மேல் சுற்றிலும் பாக்குமரக் கால் நட்டுத் தகரக்கூரை போட்டிருந்தது. அதுவரைக்கும் மைனி முகத்தில் வெளிச்சம்தான். வேகமாக நடந்தார். கிட்டப் போய் நின்றார்.

முன்னறை முழுக்கத் தெர்மாகோல். அட்டி அட்டியாக, மேலே தார்ப்பாய் மூடி, கயிறு போட்டு இறுக்கியிருந்தது. படுக்கையறையில் மெத்தைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, யார் யாரோ படுத்தும் பெற்றும் செத்தும் போன மெத்தைகள். அடுக்களையில் டியூப்லைட்டுகள். ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு முனையிலும் கதம்பையை, அதுதான் தேங்காய் மட்டையை, வைத்துக் கட்டிச் சுவரில் சாய்த்த மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தார். சாய்க்கச் சுவர் இல்லை, கம்பு நட்டிருந்தார். ஒவ்வொரு கட்டிலும் எந்தக் கடையில் எடுத்ததோ அந்தக் கடையின் பையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். துணிக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை. எங்கள் கடை மிக்சர் கவரும் இருந்தது.

நாற்றம் இல்லை. ஈ இல்லை. ஒரு மூட்டைகூடச் சரிந்து கிடக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. குப்பைமேடு என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிவிட்டு வந்திருக்கலாம். இது அப்படி இல்லை. மூன்று அறையிலும் யாரோ குடிவந்து, விருந்தாளிக்காகத் தூத்துப் பெருக்கிக் காத்திருந்த மாதிரி இருந்தது.

மைனி அஸ்திவாரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா? எனக்க வீட்டுல ஊருக்காரனெல்லாம் குடியிருக்கான்."

அந்த நேரத்துக்கு அண்ணனுடைய ஆட்டோ வருகிற சத்தம் கேட்டது. எங்களைப் பார்த்ததும் தூரத்திலேயே நிறுத்தினார். இறங்கி வந்தார். கையில் ஒரு சாக்கு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றார்.

"எடுக்க ஆளு வரும்னு சொன்னானுவ" என்றார். "ஆலை ஒண்ணு இருக்காம். எல்லாத்தையும் ஒக்க எடுப்பானுவளாம். அதுவரைக்கும்தான்."

"எப்ப வரும்?" என்றார் மைனி.

"வரும்னு சொன்னானுவ."

"நீரு எனக்க வீட்டக் குப்பத்தொட்டி ஆக்கிட்டீரு ஓய்."

"வேற எங்க கொண்டு போட? நீயே சொல்லு. ஆளு இல்லாத எடம் ஒண்ணு சொல்லு, இப்பவே எடுத்து ஏத்துறேன்."

மைனி எழுந்தார். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். சத்தமே போடவில்லை.

"சானல்ல ஆளு உண்டும். கொளத்துல உண்டும். பாறமடைலயும் உண்டும். இஞ்ச இல்லியா? நான் ஒரு ஆளு இல்லியா?"

அண்ணன் அந்த அடுக்களையைப் பார்த்தார். அங்கே யாரும் நிற்கவில்லை. ஆனால் முதன்முதலாக யாரையோ அங்கே பார்த்துவிட்டவர் மாதிரி இரண்டடி பின்னால் போனார். அன்றைக்குப் பாறைப் பள்ளத்தைப் பார்த்து நின்றபோது நான் கண்ட அதே முகம். அதை நான் மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

அடுத்த வாரம் அவர் குப்பை எடுக்க வரவில்லை, கொடுக்க வந்தார். ஒவ்வொரு கடையாக, எடுத்த கட்டை எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டார். எங்கள் கடை முன்னாலும் டியூப்லைட் கட்டோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, இது உங்களுக்கதாக்கும். எடுக்க ஆளு வாறது வரைக்கும் நீங்களே பத்திரமா வச்சுக்கிடுங்க. ஒடைக்கப்பிடாது, உள்ள இருக்குற பொடி ஆவாது."

சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"ஓய், கொண்டு போன சவத்தத் திருப்பிக் கொண்டாந்து தாற மனுசன் ஒலகத்துல நீரு ஒராளுதான். இஞ்ச வைக்க எடமிருந்தா நான் எதுக்கு ஓய் உம்மகிட்டத் தந்தேன்?"

அவர் சிரிக்கவில்லை. கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கேயும் வாங்கவில்லை. ஒரு கடையில் போலீசைக் கூப்பிடுவேன் என்றார்கள். ஒருவர் வாங்கிக்கொண்டு, இவர் தலை மறைந்ததும் ரோட்டில் வீசினார். இவர் திரும்பி வந்து விளக்குமாறு வாங்கி, துண்டு துண்டாகப் பொறுக்கினார். எடுத்துக்கொண்டு போனதெல்லாம் மனைக்கே திரும்பிற்று. மைனி மாடியறையில் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். சனிக்கிழமை கடைக்கு வந்தாலும் வீட்டுப் பேச்சு இல்லை. ரசவடையை ஊறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கின நேரம். ஒரு கடை வாசலில் ஆட்டோ நெடுநேரம் நின்றது. எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் கைப்பிடியின் மேல் சாய்ந்து கிடந்தார். நெஞ்சுவலி என்றார்கள். பின்னால் வண்டி நிறையக் கட்டுகள் இருந்தன.

சவப்பெட்டி வந்தது. மாடி வீட்டுப் படிக்கட்டு குறுகல், பெட்டி ஏறாது. கீழே கடை வாசலில் வைக்கலாம், சபைக் கோவிலுக்கே நேராகக் கொண்டுபோகலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மைனி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தலை நிமிர்த்தாமல் சொன்னார்.

"எனக்க வீட்டுல வச்சு ஜெபம் நடக்கட்டும். எனக்க வீட்டுல இருந்து எடுக்கணும்."

எந்த வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படியோ எல்லோருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. சந்தையில் பாதிப்பேர் அந்த மனைக்குப் போனோம். பெட்டியை வைக்க முன்னறையை ஒழிக்க வேண்டும், உட்காரப் படுக்கையறையை ஒழிக்க வேண்டும், ஆண்கள் நிற்க அடுக்களை வேண்டும். துணிக்கடைக்காரர் குனிந்து ஒரு கட்டைத் தூக்கினார். அதில் அவர் கடைப் பெயர். அவர் யாரிடமும் கொடுக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருவராக அவரவர் பெயரைத் தேடினார்கள். மெத்தைகளில் பெயர் இல்லை. என்றாலும் ஒரு அம்மாள் ஒரு மெத்தையின் பூப்போட்ட துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மகனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாள். அவள் எதற்காக அழுதாள் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் எங்கள் டியூப்லைட் கட்டை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அன்றைக்கு அவர் வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

பொசுபொசுவென்று தூறல். பெட்டியைச் சுமந்து வந்தவர்கள் அஸ்திவாரத்தின் மேலே தாண்டி ஏறப் பார்த்தார்கள். முழங்கால் உயரம்தானே.

"ஏலே, அதுல கூடி ஏறாதிங்க. அது ஜன்னலாக்கும்" என்றார் மைனி. கல்லில் வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளியைக் காட்டினார். "வாசல் வழியா வாருங்க."

சுவர் இல்லாத அந்த வீட்டுக்குள் பெட்டி வாசல் வழியாகப் போயிற்று. நாங்களும் வரிசையில் நின்று வாசல் வழியாகப் போனோம். மைனி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "வாருங்க" என்றார்.

ஜெபம் முடிந்தது. பெட்டியைத் தூக்க ஆண்கள் வர வேண்டும் என்று போதகர் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. பிறகுதான் கவனித்தோம். ஒருவர் கையும் ஒழிவாக இல்லை. அவரவர் மூட்டை அவரவர் கையில். வைக்க இடம் தேடி எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். இந்தப் பக்கம் ஒருவருடைய ரப்பர்த் தோட்டம், அந்தப் பக்கம் ஒரு வீட்டுக் கிணறு, கீழே பாதை, பாதைக்கு அப்பால் சானல். செருப்புக்கடைக்காரர் மெல்லக் குனிந்து, தன் மூட்டையை அடுக்களை மூலையிலேயே திரும்ப வைக்கப் போனார்.

"அதுல நான் அடுப்பு வைக்கணும்" என்றார் மைனி.

செருப்புக்கடைக்காரர் மூட்டையோடு நிமிர்ந்தார். பெண்கள் நாங்கள் முன்னால் போய் ஒவ்வொருவரிடமிருந்தும் வாங்கிக்கொண்டோம். எனக்கு எங்கள் கட்டும் கிடைத்தது, யாருடையதோ ஒரு தெர்மாகோல் பொதியும் கிடைத்தது. ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாக இறங்கிப் போனார்கள். மழை வலுத்தது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, முந்தானையால் முகத்தைக்கூடத் துடைக்க முடியாமல், நாங்கள் பாதையோரம் நின்றோம். மைனி காலியான மூன்று அறைகளிலும் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, அடுக்களையில் வந்து நின்று, ரோட்டில் யார் போகிறார்கள் என்று பார்த்தார்.